பழைய விசேஷ கேசட்டைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எது தோது: யூடியூப், கூகுள் டிரைவ், டெலிகிராம், பென்டிரைவ்

முதலில் மதிப்பெண். கூகுள் டிரைவுக்கு 5-க்கு 4. யூடியூபில் பிரைவேட் என்று வைத்தால் மூன்றரை, அன்லிஸ்டெட் என்று வைத்தால் ஒன்றரை. டெலிகிராமுக்கு 2. பென்டிரைவுக்கு நாலரை. கேசட்டை ஃபைலாக மாற்றிக் கொடுத்த கோயம்புத்தூர் கடைக்கு வேலைத் தரத்தில் 4, மற்றதில் 1. அந்த ‘மற்றது’ என்ன என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நல்ல வேலைக்காரர், பிழைத்துப் போகட்டும்.

எங்கள் பூர்வீகம் ஆண்டிபட்டிப் பக்கம். தொண்ணூறுகளில் அங்கே ஒரு விசேஷம் என்றால் வீடியோக்காரர் ஒருவர் தோளில் கேமராவோடு வருவார், கூடவே ஒரு பையன் லைட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். அப்படிச் சேர்ந்த விஎச்எஸ் கேசட்டுகள் அப்பாவின் பீரோவில் கிடந்தன. ஓட்டிப் பார்க்க டெக் கிடையாது. விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று கடைக்குக் கொண்டுபோனேன்.

கேசட் ஒன்றுக்கு 500 ரூபாய் வாங்கினார். பூஞ்சையைத் துடைத்து, பழைய கேசட் கூட்டை மாற்றி வேறு கூட்டில் டேப்பைச் சுற்றி, படம் ஆடாமல் எடுத்துக் கொடுத்தார். வண்ணத்தைப் பளிச்சென்று ஏற்றிக் கெடுக்கவில்லை. காதுகுத்தில் தம்பி அழுகிற சத்தம்கூட அப்படியே வந்திருக்கிறது. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கடைக்குள் நுழைந்ததுமே ஒன்று உறுத்தியது. சுவரில் இருந்த டிவியில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பார்த்து மெச்சுவதற்கான சாம்பிள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் போட்டாரா என்று கேட்டேன். “பழசுதானேம்மா, இதில் என்ன இருக்கு” என்றார். எங்களுடையதையும் வைத்துக்கொள்வீர்களா என்றேன். “எப்பவும் நம்ம ஹார்டுடிஸ்க்ல இருக்கும். நீங்க தொலைச்சிட்டாலும் பத்து வருஷம் கழிச்சு வந்து கேக்கலாம்” என்றார், ஒரு சலுகையை அறிவிக்கிற மாதிரி. ஃபைல்களை எனக்கு அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு டிரைவ் லிங்க்காக. அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். ஃபைல் பெயரில் என் பெயர், கைபேசி எண், ‘சடங்கு 1993’ என்று எல்லாம் சேர்ந்தே இருந்தது.

ஃபைல் பெயர் ஒரு பெரிய விஷயமா என்று நினைப்பவர்களுக்கு: யூடியூபில் ஒரு வீடியோவை ஏற்றும்போது நீங்கள் எதுவும் தட்டாவிட்டால் ஃபைலின் பெயரே தலைப்பாகிவிடும். அவசரத்தில் அப்படியே விட்டால் கைபேசி எண்ணே தலைப்பில் ஏறிவிடும். ஆக, எங்கே அனுப்புவதாக இருந்தாலும் ஃபைலின் பெயரை மாற்றுவதுதான் முதல் வேலை.

சரி, பழைய கேசட்டில் அப்படி மறைக்க என்னதான் இருக்கிறது? நானும் முழுதாக ஓட்டிப் பார்க்கும்வரை தலைதீபாவளி, காதுகுத்து என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணக் கேசட் எடுத்த எடுப்பில் அழைப்பிதழைக் காட்டுகிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர், ஊர், தெரு, கதவு எண், அத்தனையும் நிதானமாகப் படிக்கிற அளவுக்கு. பிறகு சீர்வரிசை. பீரோ, கட்டில், பித்தளை அண்டா என்று வரிசையாக வந்து, கடைசியில் நகைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் காட்டுவார்கள். அதில் ஒரு ஆரம் இன்றைக்கும் ஒரு வீட்டில் இருக்கிறது. அது எந்த வீடு என்று அந்தக் கேசட்டைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் மொய். எங்கள் பக்கத்தில் மொய்யை மைக்கில் படிப்பார்கள். ஊர், பெயர், தொகை. யார் 1001 செய்தார், யார் 51-ஓடு நிறுத்தினார் என்பது முக்கால் மணி நேரம் கேசட்டில் ஓடுகிறது. நடுவில் ஒரு பெரியவர் மைக் பக்கம் வந்து, தான் முன்பு செய்ததற்குத் திருப்பிச் செய்தது குறைவு என்று சண்டை போடுகிறார். அவர் பேரன்கள் இன்று ஊரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அந்தக் காட்சி பொதுவில் போனால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வங்கியில் போனில் பேசினால் அடையாளத்துக்கு அம்மா பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறார்கள். முதல் பிறந்தநாள் கேசட்டில் இரண்டுமே கேக் மேலும் மைக்கிலும் இருக்கின்றன.

இப்போது யூடியூபுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். தம்பி பெங்களூரில், ஒரு மாமா மகன் துபாயில், அத்தை வீட்டார் கம்பத்தில். “அன்லிஸ்டெட்னு போட்டு லிங்க்கை குரூப்ல தட்டிவிடு” என்றார்கள். அன்லிஸ்டெட் என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான். லிங்க் யாரிடம் இருந்தாலும் திறக்கும், பார்ப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது, அவர் இன்னொருவருக்குத் தள்ளினாலும் தெரியாது. போதாக்குறைக்கு, யாராவது அந்த வீடியோவைத் தன் பொதுப் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் அது தேடலிலும் தலைகாட்டலாம் என்று யூடியூபே சொல்கிறது. 2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டெட் வீடியோக்களை 2021 ஜூலையில் யூடியூப் தானாகவே பிரைவேட்டாக மாற்றியது. லிங்க் அமைப்பின் பாதுகாப்பை இடையில் பலப்படுத்தியதால், பழைய லிங்க்குகளுக்காக அப்படிச் செய்தார்கள். ‘லிங்க் தெரிந்தவர் மட்டும்’ என்ற பூட்டு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இதுவே போதும். வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் போட்ட லிங்க் எத்தனை குரூப் தாண்டும் என்பதை, அங்கே வரும் குட்மார்னிங் படங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரைவேட் வேறு கதை. யாருக்குக் காட்ட வேண்டுமோ அவருடைய மின்னஞ்சலைச் சேர்க்க வேண்டும், அவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால்தான் திறக்கும். லிங்க்கை மற்றவருக்குத் தள்ளினாலும் பயனில்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பிரைவேட் வீடியோவில் கருத்து எழுத முடியாது. “இது யாரு, நம்ம கூடலூர் பெரியப்பாவா?” என்று கேட்பதுதானே பழைய வீடியோ பார்ப்பதில் பாதிச் சந்தோஷம். அதற்கு மறுபடி வாட்ஸ்அப்புக்குத்தான் வர வேண்டும். இன்னொன்று, கணக்கைக் கைபேசி எண் கொடுத்துச் சரிபார்க்காவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சரிபார்த்தால் 12 மணி நேரம் வரை போகலாம். மூன்று மணி நேர கேசட் வைத்திருப்பவர்கள் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

பாட்டுப் பிரச்சினையும் உண்டு. அந்தக் காலத்து மிக்ஸிங் எப்படி என்று தெரியுமல்லவா, தாலி கட்டுவதில் தொடங்கி பந்தி பரிமாறுவது வரை சினிமாப் பாட்டுதான். மாப்பிள்ளை இதய வடிவத்துக்குள் சுழன்றுகொண்டே வருவார். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு, பிரைவேட்டாக ஏற்றினாலும் பாட்டைக் கண்டுபிடிக்கும். பாட்டின் உரிமையாளர் என்ன விதி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து சில நாடுகளில் வீடியோவே தடைபடலாம். பாட்டை மட்டும் ஒலி நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் பாட்டோடு பேச்சும் போனால் கல்யாணம் ஊமைப்படம். துபாய்க்காரருக்கு எந்த வீடியோ ஓடும், எது ஓடாது என்று இங்கிருந்தே கணிக்க முடியாததால்தான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

பொதுவில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. “நாற்பது பேர்கூடப் பார்க்க மாட்டார்கள், என்ன ஆகப்போகிறது” என்கிறார்கள். மனிதர்கள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேஸ்புக், யூடியூப் உள்பட இணையத்தில் பொதுவில் கிடந்த முகப் படங்களை 300 கோடிக்கு மேல் சேர்த்து, முகத்தை வைத்து ஆளைத் தேடும் கருவியைப் போலீசாருக்குக் கொடுத்தது 2020-ல் வெளிச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். குழந்தைகள் விளையாடும் சாதாரண வீட்டு வீடியோக்களின் கீழே வக்கிரமான ஆட்கள் கூடிக் கருத்து எழுதியது அம்பலமான பிறகு, 2019-ல் யூடியூப் சிறார் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருத்துப் பகுதியையே மூடியது. அந்த வீடியோக்களை ஏற்றியவர்களும் தாத்தா பாட்டி பார்க்கட்டும் என்றுதான் ஏற்றியிருப்பார்கள். எங்கள் கேசட்டுகளில் குழந்தையை முற்றத்தில் அம்மணமாகக் குளிப்பாட்டும் காட்சி இல்லாத கேசட்டே கிடையாது. அந்தக் காட்சிகள் எந்தத் தளத்துக்கும் போகாது. பிரைவேட்டும் வேண்டாம்.

கூகுள் டிரைவ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் சலிப்பூட்டும் எளிமை. ஃபைலை ஏற்றினால் ஆரம்ப நிலையே ‘ரெஸ்ட்ரிக்டெட்’, அதாவது நாம் சேர்க்கும் மின்னஞ்சலுக்கு மட்டும். பகிரும் பெட்டியில் பல்சக்கரச் சின்னத்தைத் தொட்டால் பார்ப்பவர் பதிவிறக்கும் வசதியையும் எடுத்துவிடலாம். பாட்டுக்காகப் படம் நின்றுபோகும் பயமும் எனக்கு இதுவரை வரவில்லை. குறை என்றால் இடம். இலவசமாக 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்ளும். கடைக்காரர் கொடுத்த மூன்று மணி நேர ஃபைல் ஐந்தரை ஜிபி. இரண்டு கேசட்டோடு சட்டி காலி.

உண்மையான சிரமம் வேறு இடத்தில். சொந்தக்காரர்களின் மின்னஞ்சலைத் திரட்டுவது! கம்பத்து அத்தையின் போனில் இருப்பது போன் விற்ற கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த கணக்கு. அதன் பெயர் அவருக்கே தெரியாது. பேத்தி பள்ளி விட்டு வரும்வரை காத்திருந்து வாங்கினேன். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பாதிப்பேர் ‘லிங்க் உள்ள எவரும்’ என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். ஒரு தடவை படும் பாடுதான் இது.

கூகுள் போட்டோஸ் ஆல்பமும் வசதிதான், ஆனால் அங்கே லிங்க் வழியாகப் பகிர்வது ரொம்ப லேசாக நடந்துவிடும். முகங்களை ஆள்வாரியாகக் கூட்டும் வசதியும் உண்டு. வேண்டாம் என்றால் அமைப்புகளில் நிறுத்தலாம். டெலிகிராமில் 2 ஜிபி வரை ஃபைல் போகும், குரூப்பில் சேமிப்பதையும் ஃபார்வர்டு செய்வதையும் தடுக்கலாம். ஆனால் சாதாரண டெலிகிராம் குரூப்பில் முழு மறைகுறியாக்கம், அதாவது நடுவில் இருக்கும் நிறுவனம்கூடப் பார்க்க முடியாத பூட்டு, கிடையாது. ரகசிய அரட்டைக்கு மட்டும்தான், அதுவும் இருவருக்குள். வாட்ஸ்அப்பில் அது உண்டு, ஆனால் ஃபார்வர்டு பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. எந்தத் தளமானாலும் திரையை இன்னொரு போனால் படம் பிடிப்பவரை யாரும் தடுக்க முடியாது. ஆகவே கேள்வி தளத்தைப் பற்றியது மட்டும் இல்லை, எதை அனுப்புகிறோம் என்பதுதான் பெரியது.

அதற்குத்தான் வெட்டுவது. லாஸ்லெஸ்கட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. தரம் குறையாமல், மறுபடி மணிக்கணக்கில் மாற்றாமல், வேண்டிய துண்டை மட்டும் நிமிடத்தில் பிரித்துத் தரும். ஒரு எச்சரிக்கை: அது நாம் சொன்ன இடத்தில் கச்சிதமாக வெட்டாது. கீஃபிரேம் என்ற முழுப் படச் சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே இருந்துதான் துண்டைத் தொடங்கும், அதனால் சில விநாடிகள் முன்னாலிருந்தே ஆரம்பிக்கும். மறைக்க நினைத்த காட்சியின் வால் துண்டின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு துண்டின் முதல் ஐந்து விநாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அழைப்பிதழ், நகை, மொய் மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு பிரதி, முழுசாக ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டேன்.

இனி சடங்கு கேசட். 1993-ல் பெரிய அத்தை மகளுக்கு நடந்தது. எனக்கு மதினி. தாய்மாமன் சீர் எங்கள் அப்பாதான் கொண்டுபோனார், வீடியோக்காரருக்குப் பணம் கொடுத்ததும் அவரே. அதனால் கேசட் எங்கள் வீட்டில் இருந்தது. தட்டு தட்டாக நாங்கள் சீர் தூக்கிக்கொண்டு மேளத்தோடு தெருவில் வருவது அதில்தான் இருக்கிறது. அப்பா சிரித்த முகமாக இருக்கும் வீடியோவும் அது ஒன்றுதான். எனக்கு அதை எல்லோருக்கும் அனுப்ப ஆசை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவதும், அவர் குனிந்த தலை நிமிராமல் இருப்பதும், கேமரா விடாமல் முகத்தருகே போவதும் அதே கேசட்டில்தான். மதினி இப்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. போன் செய்து கேட்டேன்.

“அதை இன்னும் வச்சிருக்கீங்களா?” என்றார் முதலில். பிறகு, “அன்னைக்கும் என்னை யாரும் கேக்கல. மாமா வர்றதை மட்டும் வெட்டி அனுப்பு, நானும் பாக்கணும். மிச்சத்தை எனக்குக் கொடுத்துரு, உன்கிட்ட வேணாம்” என்றார்.

சரிதானே. காசு கொடுத்தவர் அப்பா, கேசட் எங்கள் பீரோவில், ஆனாலும் முகம் அவருடையது. சீர் வரும் துண்டு மட்டும் இப்போது டிரைவில் இருக்கிறது. மீதியை ஒரு பென்டிரைவில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு, என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். குரூப்பில் “முழு வீடியோ எங்கே?” என்று கேட்ட மாமாக்களுக்கு “கேசட் போயிடுச்சு மாமா” என்று சொல்லிவிட்டேன். பொய்தான். எனக்கு உறுத்தவில்லை.

இன்னொரு கேசட், சித்தப்பாவின் முதல் கல்யாணம். அந்தச் சித்தி இரண்டே வருடத்தில் பிரிந்துபோய், இப்போது வேறு குடும்பம், வேறு ஊர். நல்ல மனுஷி, எனக்குச் சடை பின்னிவிட்டவர். அவரைத் தேடிப்போய் அனுமதி கேட்பதே அவருக்குத் தொல்லையாகலாம். மூன்று மணி நேரத்தில் அவர் இல்லாத காட்சி பத்து நிமிடம்கூடத் தேறாது. அதை யாருக்கும் அனுப்பவில்லை. முகத்தை மங்கலாக்கும் வசதி யூடியூபிலேயே இருக்கிறதே என்று தம்பி சொன்னான். மணப்பெண் முகத்தை மங்கலாக்கிய கல்யாண வீடியோவை எப்படி உட்கார்ந்து பார்ப்பது?

சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்டால், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதைத் தொடுவதில்லை. மதினிக்கும் எனக்கும் நடுவே அது வராது. ஆனால் நம் தரவைக் கையாளும் தொழில் நிறுவனம், வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்ற கடமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இதைக் கடைக்காரரிடம் பக்குவமாகச் சொன்னேன். கோபப்படவில்லை. என் முன்னாலேயே ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். டிரைவ் லிங்க்கையும் எடுத்தார். டிவியில் ஓடிய கல்யாணத்தை மட்டும் நிறுத்தவில்லை. “அவங்க கேட்டா எடுத்துருவேன்” என்றார். அதற்குத்தான் அந்த 1. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் கொடுக்கும்போதே பில்லில் ‘பிரதி வைக்கக் கூடாது, சாம்பிளாகக் காட்டக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். டெக் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

கடைசியாகப் பென்டிரைவ். கம்பத்து அத்தைக்குக் கடைசியில் மின்னஞ்சலும் ஒத்துவரவில்லை, சின்னத் திரையும் ஒத்துவரவில்லை. வீட்டு டிவியில் பார்க்கப் பென்டிரைவ்தான். பல டிவிகள் ஃபேட்32 என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருக்கும் பென்டிரைவைத்தான் படிக்கும், அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ‘இடம் இல்லை’ என்று சொன்னால் பயப்பட வேண்டாம், ஃபைலை இரண்டாக வெட்டிப் போட்டால் ஓடும். அத்தைக்கு நான் சுத்தப்படுத்திய பிரதியைத்தான் முதலில் கொடுத்தேன். மறுநாளே போன்: “ஏன்டி, மொய் வாசிச்சதை எங்க காணோம்? அதுக்குத்தானே கேட்டேன்.” அவர் கல்யாணம், அவர் மொய். முழுப் பிரதியைப் பேருந்தில் ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிட்டேன். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, யாருக்கு இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறாராம்.